மெம்[4600] = மெம்[4500] என்று எழுதினால் ஏன் ஒன்றுமே நகரவில்லை?

கேட்டவர் ஒரே பத்தியில் மூன்று விஷயத்தைப் போட்டுக் கலக்கியிருக்கிறார், அதனால் முதலில் நான் புரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். கூடலூரிலிருந்து எழுதுகிறார், இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு, சி++-இல் 8085 (இன்டெலின் பழைய 8 பிட் சிபியு) போலவே நடக்கும் ஒரு சிமுலேட்டர் செய்கிறார். 64 கேபி மெமரியை ஒரு கிளாஸாக வைத்து, சதுர அடைப்பு ஆப்பரேட்டரை ஓவர்லோடு செய்து (அதாவது அந்தக் குறிக்குத் தன் சொந்த அர்த்தத்தைக் கொடுத்து), மெம்[அட்ரஸ்] என்றால் அந்த பைட்டின் ரெஃபரன்ஸ், அதாவது அந்த பைட்டையே நேராகத் தொடும் பிடி, கிடைக்கும்படி எழுதியிருக்கிறார். 0000-இலிருந்து முதல் 8 கேபி ரோம், அதில் யாரும் எழுத முடியக் கூடாது. அதற்காக கான்ஸ்ட் ('மாற்றக் கூடாது' என்ற குறி) போட்ட ஆப்பரேட்டர் ஒன்று, போடாதது ஒன்று. படிக்கும்போது முதலாவதும் எழுதும்போது இரண்டாவதும் வரும் என்று எதிர்பார்த்தார், எப்போதுமே இரண்டாவதுதான் வருகிறது. அப்புறம் யாரோ சொன்னார்களென்று ப்ராக்ஸி கிளாஸுக்கு (பைட்டுக்குப் பதிலாக நிற்கும் ஒரு பிரதிநிதி) மாறினார். இப்போது மெம்[4600] = மெம்[4500] என்று ஒரு டெஸ்ட் எழுதினால் கம்பைல் ஆகிறது, ஓடுகிறது, ஆனால் 4600-இல் ஒன்றும் மாறவில்லை. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: 'இதற்கெல்லாம் ஆப்பரேட்டர் ஓவர்லோடிங்கே தப்பா சார்?' எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் நிஜமான கேள்வி என்று படுகிறது. (கீழே வரும் நாலிலக்க அட்ரஸ்களும் ஆப்கோடு எனப்படும் கட்டளை எண்களும் ஹெக்ஸ், அதாவது 16-ஐ அடியாகக் கொண்டவை.)

நான் கோத்தகிரிக்காரன். இருபது வருடத்துக்கு மேல் சின்னச் சின்ன கன்ட்ரோலர் போர்டுகளுக்கு ஃபர்ம்வேர் எழுதிப் பிழைத்தவன், முதலில் கோயம்புத்தூரில், இப்போது வீட்டிலிருந்து. சி++-இன் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்த பண்டிதன் இல்லை. மெமரியோடு சண்டை போட்ட அனுபவம் உண்டு, அதை வைத்துச் சொல்கிறேன்.

முதல் பிரச்சினை ஒரு தப்பெண்ணம், அது நிறையப் பேருக்கு இருக்கிறது, எனக்கும் இருந்தது. கான்ஸ்ட் ஆப்பரேட்டரா சாதாரண ஆப்பரேட்டரா என்பதை கம்பைலர் முடிவு செய்வது, சமன்குறிக்கு இடப்பக்கம் நிற்கிறதா வலப்பக்கம் நிற்கிறதா என்று பார்த்தல்ல. அந்த மெமரி ஆப்ஜெக்ட் கான்ஸ்டா இல்லையா, அவ்வளவுதான் பார்க்கும். உங்கள் மெம் ஒரு சாதாரண ஆப்ஜெக்ட், ஆகவே நீங்கள் வெறுமனே படித்தாலும் சாதாரண வெர்ஷன்தான் கூப்பிடப்படும். இதில் சந்தேகமே இல்லை, எந்த கம்பைலரில் போட்டாலும் இதே கதைதான். ஆப்பரேட்டர் ஓடி முடிந்து ரெஃபரன்ஸைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அதை வைத்து எழுதப்போகிறார்களா படிக்கப்போகிறார்களா என்ற பேச்சே வருகிறது, அதற்குள் உங்கள் கிளாஸின் கையை விட்டுப் போயாகிவிட்டது. நம்ம ஊர் காட்டேஜ் சாவி மாதிரி. சீசனுக்கு வந்தவர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நீங்கள் கீழே பஜாருக்கு வந்துவிட்டால், அவர்கள் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்களா, கட்டிலை இழுத்து வராந்தாவில் போட்டார்களா என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? ரெஃபரன்ஸ் என்பது அந்தச் சாவி. ரோம் பாதுகாப்பை ஆப்பரேட்டருக்குள் எவ்வளவு 'இஃப்' போட்டு எழுதினாலும் அது வாசலில் நிற்கும் காவல்தான், அறைக்குள் நடப்பது அதற்குத் தெரியாது.

ப்ராக்ஸி என்பது சாவியைக் கொடுக்காமல் கூடவே வாட்ச்மேனை அனுப்புவது. மெம்[அட்ரஸ்] இப்போது பைட்டைத் தராமல் ஒரு குட்டி ஆப்ஜெக்டைத் தருகிறது, அதில் இரண்டே விஷயம்: எந்த மெமரி, எந்த அட்ரஸ். அந்தக் குட்டி ஆப்ஜெக்டுக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தால் அதன் சமன்குறி ஆப்பரேட்டர் ஓடும், அங்கே ரோமா என்று பார்த்துவிட்டு எழுதலாம். அதை 8 பிட் எண்ணாக யாராவது பயன்படுத்த முயன்றால் அதன் கன்வர்ஷன் ஆப்பரேட்டர் ஓடும், அங்கே படிக்கலாம். இது யாரோ நேற்றுக் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1998-இல் வந்த முதல் சி++ ஸ்டாண்டர்டிலேயே பிட்செட்டும் வெக்டர்-பூல் என்ற விசித்திரப் பிராணியும் (இரண்டும் பிட்டுகளை அடுக்கி வைக்கும் பெட்டிகள்) இதே வழியில்தான் ஒற்றை பிட்டை 'ரெஃபரன்ஸ்' மாதிரி காட்டுகின்றன. வெக்டர்-பூலை இன்றைக்கும் திட்டுகிறவர்கள் உண்டு, திட்டுவதற்குக் காரணமும் உண்டு, அதற்கு வருகிறேன்.

இப்போது உங்கள் 4600. உங்கள் கோடு முழுவதையும் நான் பார்க்கவில்லை, அதனால் இது ஊகம்தான், ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் கட்டுவேன். உங்கள் ப்ராக்ஸியில் '8 பிட் எண்ணை வாங்கும்' சமன்குறி ஆப்பரேட்டர் மட்டும் எழுதியிருப்பீர்கள். மெம்[4600] = 5 என்றால் அது ஓடும், சரியாக எழுதும். ஆனால் மெம்[4600] = மெம்[4500] என்னும்போது வலப்பக்கம் இருப்பது எண் இல்லை, அதுவும் ஒரு ப்ராக்ஸி. ப்ராக்ஸிக்கு ப்ராக்ஸியை அசைன் செய்ய கம்பைலர் தானாகவே ஒரு சமன்குறி ஆப்பரேட்டரை எழுதி வைத்திருக்கிறது, அதுதான் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று அதையே எடுத்துக்கொள்ளும். அது என்ன செய்யும்? உள்ளே இருக்கும் இரண்டு விஷயத்தையும், மெமரி பாயிண்டரையும் அட்ரஸையும், இடப்பக்க ப்ராக்ஸிக்கு காப்பி செய்யும். அதாவது 4600 என்று எழுதியிருந்த சீட்டை அழித்து 4500 என்று திருத்திவிட்டு, அந்த வரி முடிந்ததும் சீட்டையே கிழித்துப் போட்டுவிடும். மெமரியை யாரும் தொடவே இல்லை. எரர் இல்லை, வார்னிங்கும் பெரும்பாலும் வராது. ப்ராக்ஸிக்குள் மெமரியைப் பாயிண்டராக வைக்காமல் ரெஃபரன்ஸாக வைத்திருந்தால் கம்பைலரால் அந்தத் தானியங்கி ஆப்பரேட்டரை எழுத முடியாது, கம்பைல் எரர் கொடுத்து உங்களைக் காப்பாற்றியிருக்கும். ஆகவே நீங்கள் பாயிண்டர் வைத்திருக்கிறீர்கள் என்பது என் இரண்டாவது ஊகம். மருந்து எளிது: ப்ராக்ஸியை வாங்கும் சமன்குறி ஆப்பரேட்டரையும் நீங்களே எழுதுங்கள், அதற்குள் வலப்பக்கத்தை முதலில் 8 பிட் எண்ணாக மாற்றி, அந்த எண்ணை எழுதும் பழைய ஆப்பரேட்டரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரே ஒரு வரி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உங்கள் சிமுலேட்டரில் நிஜ 8085 புரோகிராமை ஓட்டினால் இந்தத் தப்பு வெளியே வரவே வராது. மெமரியிலிருந்து மெமரிக்கு நேராக நகர்த்தும் மூவ் 8085-இல் கிடையாது, எல்லாம் ரிஜிஸ்டர் வழியாகத்தான் போக வேண்டும். மூவ் கட்டளைகளின் அட்டவணையைப் போட்டுப் பார்த்தால் 'மூவ் எம், எம்' (எம் என்பது ஹெச்எல் ரிஜிஸ்டர் ஜோடி காட்டும் மெமரி பைட்) வரவேண்டிய கட்டத்தில் இருக்கும் எண் 76, அந்த 76-ஐத்தான் இன்டெல்காரர்கள் ஹால்ட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் 4100-இலிருந்து தொடங்கும் லேப் மேனுவல் புரோகிராம்கள் எல்லாம் ஜோராக ஓடும், நீங்கள் மெயினில் எழுதிய அந்த ஒற்றை டெஸ்ட் மட்டும் ஓடாது. அந்த டெஸ்டை எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு உங்களுக்கு ஒரு சபாஷ்.

அதைத் திருத்தியதும் நிம்மதி என்று நினைக்காதீர்கள். ப்ராக்ஸியின் அடுத்த குழி 'ஆட்டோ', அதாவது வகையை கம்பைலரையே முடிவு செய்யச் சொல்லும் சொல். 'இன்க்ரிமென்ட் எம்' கட்டளையை, ஆப்கோடு 34-ஐ எடுத்துக்கொள்வோம். ஹெச்எல் காட்டும் பைட்டைப் படித்து ஒன்று கூட்டித் திரும்ப எழுத வேண்டும், அப்புறம் கேரி தவிர மற்ற ஃபிளாக்குகளை (விடை எப்படி வந்தது என்று குறிக்கும் பிட்டுகளை) சரி செய்ய வேண்டும், ஆக்ஸிலரி கேரிக்குப் (கீழ் நாலு பிட்டிலிருந்து மேலே போகும் கேரி) பழைய மதிப்பு வேண்டும். நீங்கள் 'ஆட்டோ பழையது = மெம்[ஹெச்எல்]' என்று எழுதுவீர்கள், எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். ஆனால் பழையது என்பதில் இப்போது இருப்பது எண் இல்லை, அட்ரஸ் எழுதிய சீட்டு. மெமரியில் புது மதிப்பை எழுதிவிட்டு வந்து 'பழையது' என்ன என்று கேட்டால் அது போய்ப் புதியதைப் படித்துக்கொண்டு வந்து நிற்கும். ஆக்ஸிலரி கேரி தப்பும், பிசிடி (தசம இலக்கக்) கூட்டல் எப்போதாவது ஒருமுறை மட்டும் தப்பாக வரும், நீங்கள் அந்த விடையைத் திருத்தும் டிஏஏ கட்டளையைச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் வீணாக்குவீர்கள். வெக்டர்-பூலைத் திட்டுவதற்குப் பாதிக் காரணம் இதே 'ஆட்டோ'தான். மெமரியிலிருந்து வாங்கும் இடத்திலெல்லாம் ஆட்டோ போடாமல் 8 பிட் வகையின் பெயரைக் கைப்பட எழுதுவது என்று ஒரு விரதமே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கடைசி வரிக்கு வருகிறேன், ஆப்பரேட்டர் ஓவர்லோடிங் தப்பா என்பதற்கு. இங்கே நான் சொல்வதில் பாதி உறுதி, பாதி என் ருசி. உறுதியான பாதி இது: மெமரியில் படிப்பதும் ஒரு செயல். அர்ரேயில் இல்லாத சங்கதி இது. அர்ரேயை எத்தனை முறை படித்தாலும் அது அப்படியே இருக்கும், நிஜ போர்டில் அப்படி இல்லை. உங்கள் லேப் கிட்டிலேயே 8251 என்ற சீரியல் சிப் இருக்கும். அதன் டேட்டா ரிஜிஸ்டரை சிபியு படித்தால், 'எழுத்து வந்திருக்கிறது' என்று அது உயர்த்தியிருந்த சிக்னல் இறங்கிவிடும். 8279 கீபோர்டு சிப்பில் ஒருமுறை படித்தால் வரிசையில் அடுத்த கீ முன்னால் வந்துவிடும். தபால் பெட்டிக்குள் கையை விட்டுக் கடிதத்தை எடுப்பது மாதிரி, எடுத்தால் பெட்டி காலி. 8085-இல் 'இன்', 'அவுட்' கட்டளைகளுக்கென்று 256 போர்ட்டுகள் தனியாக இருப்பதால் நீங்கள் இப்போதைக்கு இதைத் தள்ளிப்போடலாம், ஆனால் எந்த சிப்பையும் மெமரி அட்ரஸிலும் தொங்கவிடலாம், நிறைய போர்டுகளில் அப்படித்தான் தொங்குகிறது.

இதில் நான் பட்ட அடியைச் சொல்லாமல் விட முடியாது. பல வருடம் முன்னால் இங்கே பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரிக்கு, இலை வாட்டும் தொட்டிகளின் சூட்டையும் ஈரத்தையும் குறித்துவைக்கும் ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தேன். போர்டு வரத் தாமதம், அதனால் லேப்டாப்பில் சி++-இல் அந்த போர்டையே சிமுலேட் செய்து அதன் மேல் ஃபர்ம்வேரை ஓட்டினேன். மெமரி ஒரு கிளாஸ், அழகான சதுர அடைப்பு, அழகான ப்ராக்ஸி, எல்லாம் நீங்கள் செய்திருப்பது போலவே. சென்சாரிலிருந்து சீரியலில் வரும் எழுத்துகள் அவ்வப்போது தொலைந்துபோயின. எங்கே தொலைகிறது என்று பார்க்க மெமரியைத் திரையில் காட்டும் ஜன்னலைத் திறந்து வைத்தேன், இன்னும் அதிகமாகத் தொலைந்தன. ஜன்னலை மூடினால் குறைந்தன. ஜூலை மாதம், மழையும் காற்றும், எங்கேயோ மரம் விழுந்து தினம் இரண்டு தரம் கரண்ட் போகிறது, நான் சென்சார் ஒயரைச் சந்தேகப்படுகிறேன், சிமுலேட்டரில் ஒயர் ஏது என்று என் மனைவி கேட்கிறார். மூன்றாம் நாள்தான் உறைத்தது: ஜன்னல் திரையில் காட்டுவதற்காக மெம்[அட்ரஸ்] என்று படிக்கிறது, அந்தப் படிப்பே பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்துவிடுகிறது. மூடிய பிறகும் சில எழுத்துகள் தொலைந்ததற்குக் காரணம், லாகில் எழுதும் வரியிலும் அதே சதுர அடைப்பு. பார்ப்பதற்கு அப்பாவியாக இருந்ததால் அது ஒரு ஃபங்ஷன் என்பதே என் கண்ணில் படவில்லை.

அன்றிலிருந்து நான் செய்வது இது, இது என் ருசி என்று வைத்துக்கொள்ளுங்கள். மெமரி கிளாஸின் நடுவில் சாதாரணப் பெயரோடு மூன்று ஃபங்ஷன்: படி, எழுது, எட்டிப்பார். சிபியு முதல் இரண்டை மட்டும் பயன்படுத்தும். டீபக் ஜன்னல், லாக், டெஸ்ட் எல்லாம் மூன்றாவதை மட்டும், அது எந்த சிப்பையும் அசைக்காது. சதுர அடைப்பு வேண்டுமென்றால் மேலே ஒரு மெல்லிய போர்வையாக வைத்துக்கொள்ளலாம், டெஸ்ட் எழுத சௌகரியமாக இருக்கும், ஆனால் உள்ளே அது அந்த மூன்றில் ஒன்றைத்தான் கூப்பிட வேண்டும், தனக்கென்று ஒரு வேலையும் செய்யக் கூடாது. பைத்தானில் படிக்கும் அடைப்புக்கும் எழுதும் அடைப்புக்கும் தனித்தனி மெத்தட், சி ஷார்ப்பிலும் கெட், செட் என்று தனித்தனி, அங்கெல்லாம் இந்தக் கூத்து கிடையாது. சி++ அந்த வசதியைக் கொடுக்கவில்லை, ப்ராக்ஸி அந்தக் குறைக்கு நாம் போட்டுக்கொள்ளும் ஒட்டு. ஒட்டு வேலை செய்யும், ஆனால் ஒட்டு என்பது ஞாபகம் இருக்க வேண்டும்.

ரோமில் எழுதினால் என்ன செய்வது என்பதையும் கேட்டிருந்தீர்கள், எக்ஸெப்ஷன் வீசுவதாகச் சொன்னீர்கள். வீசாதீர்கள். நிஜ போர்டில் ரோம் அட்ரஸில் எழுதினால் யாரும் கத்துவதில்லை, சிபியு எழுதிவிட்டதாக நினைத்து அடுத்த கட்டளைக்குப் போய்விடும், ரோம் கண்டுகொள்ளாது. சிமுலேட்டரும் அப்படியே இருக்கட்டும், வேண்டுமானால் லாகில் ஒரு வரி போடுங்கள், தப்பான புரோகிராமைக் கண்டுபிடிக்க உதவும். எந்த சிப்பும் இல்லாத அட்ரஸைப் படித்தால் என்ன வரும் என்பது போர்டுக்கு போர்டு மாறும், அதற்கு ஒரே சரியான விடை என்று ஒன்று இல்லை, ஏதாவது ஒன்றை முடிவு செய்து எழுதி வையுங்கள்.

வேகம் பற்றிய பயம் வேண்டாம். ஆப்டிமைசேஷன் போட்டுக் கம்பைல் செய்தால் இந்த மாதிரிச் சின்ன ப்ராக்ஸி பெரும்பாலும் இருந்த இடம் தெரியாமல் கரைந்துவிடும், டீபக் பில்டில் மட்டும் மெதுவாக இருக்கும். எவ்வளவு என்பது உங்கள் கம்பைலரைப் பொறுத்தது, ஓட்டி அளந்துதான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் 'இது ரோமா, ராமா, சிப்பா' என்று இஃப் வரிசை போவது பிடிக்கவில்லையென்றால், அட்ரஸின் மேல் 8 பிட்டை எடுத்து 256 பக்கம் கொண்ட ஒரு அட்டவணையில் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் 256 பைட், அந்தப் பக்கத்துக்கு யார் பொறுப்பு என்று அட்டவணை சொல்லும்.

இன்னும் சில, கேட்காதவை, ஆனால் நிச்சயம் மாட்டுவீர்கள். அர்ரேயின் அளவு 65536, 65535 இல்லை. அட்ரஸை வாங்கும் இடத்தில் 16 பிட் அன்சைன்ட் (மைனஸ் இல்லாத) வகையே போடுங்கள், இன்ட் போடாதீர்கள். கடைசி பைட்டுக்கு அடுத்தது என்று கூட்டும்போது சி++ அதை இன்ட்டாக மாற்றித்தான் கூட்டும், 65536 வரும், 16 பிட்டில் வாங்கினால் அது சுற்றிக்கொண்டு 0 ஆகும், 8085-இலும் அதுதான் நடக்கிறது. இன்ட்டில் வாங்கினால் அர்ரேக்கு வெளியே போய் எதையோ மிதிப்பீர்கள். பைட்டுக்கு வெறும் 'கேர்' வகை வேண்டாம், நம்மிடம் இருக்கும் கம்ப்யூட்டர்களில் அது பெரும்பாலும் சைன்ட், 127-க்கு மேல் போனால் மைனஸாகி, இரண்டு பைட்டை ஒட்டி அட்ரஸ் செய்யும்போது மேல் பைட்டைக் கெடுத்துவிடும். அன்சைன்ட் 8 பிட் போட்டாலும் சி-அவுட்டில் அச்சடித்தால் 65 என்ற எண்ணுக்குப் பதில் ஏ என்ற ஆங்கில எழுத்து வரும், பயந்துவிடாதீர்கள், மெமரி சரியாகத்தான் இருக்கிறது, இன்ட்டாக மாற்றி அச்சடியுங்கள்.

இரண்டு பைட்டை ஒட்டுவது என்றதும் ஞாபகம் வருகிறது. 'ஸ்டோர் 4500' கட்டளை மெமரியில் 32, 00, 45 என்று கீழ்ப் பைட் முதலில் உட்காரும். அதை எடுக்க மெம்[பிசி++] (பிசி என்பது அடுத்துப் படிக்க வேண்டிய அட்ரஸை வைத்திருக்கும் ரிஜிஸ்டர்) உடன் மெம்[பிசி++]-ஐ இடப்பக்கம் 8 பிட் தள்ளி ஒரே வரியில் ஒட்டுவது எல்லாருக்கும் வரும் ஆசை. அந்த இரண்டு பிசி++-இல் எது முதலில் நடக்கும் என்று சி++ எந்த உத்தரவாதமும் தருவதில்லை, சொல்லப்போனால் அப்படி எழுதுவதையே வரையறுக்கப்படாத நடத்தை என்று ஒதுக்கி வைத்திருக்கிறது, 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில் (சி++17) சில ஒழுங்குகள் வந்தும் இந்த வரிக்கு விமோசனம் இல்லை. உங்கள் மெஷினில் சரியாக ஓடி, வைவா அன்றைக்கு லேப் மெஷினில் 0045-க்குப் போய் எழுத முயன்று, அது ரோம் என்பதால் சத்தமில்லாமல் ஒன்றும் நடக்காமல் நிற்கும். கீழ்ப் பைட்டை ஒரு வரியில் வாங்குங்கள், மேல் பைட்டை அடுத்த வரியில் வாங்குங்கள், மூன்றாவது வரியில் ஒட்டுங்கள்.

முதலில் அந்த ப்ராக்ஸி சமன்குறியைச் சேர்த்துவிட்டு 4600 மாறுகிறதா பாருங்கள். மாறவில்லையென்றால் என் பந்தயம் தோற்றது, ப்ராக்ஸி கிளாஸை அப்படியே இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். இங்கே சாயங்காலத்திலிருந்து காற்று பலமாக அடிக்கிறது, கரண்ட் போய்விட்டால் பதில் நாளைக்குத்தான்.